டைட்டிலில் கீவேர்டை இன்னும் கூட்டுவதா, குறைப்பதா?

செயின்கறை:
சைக்கிள் பராமரிப்பு பற்றி ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன், நாற்பது பக்கம் இருக்கும். செயின் பக்கத்துக்கு நான் வைத்த டைட்டில் (தேடல் முடிவில் தெரிய வேண்டிய தலைப்பு) இது: 'சைக்கிள் செயின், சைக்கிள் செயின் கிளீனிங், செயின் சுத்தம், சைக்கிள் செயின் எண்ணெய்'. கூகுளில் தேடினால் இது வருவதே இல்லை. பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கீவேர்டு, அதாவது ஆட்கள் தேடக்கூடிய சொற்கள், பொறுக்கினேன். எல்லாம் வீணா?

பழைய_கீபோர்டு:
ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நான்கு 'செயின்', மூன்று 'சைக்கிள்', ஒரு வினைச்சொல்கூட இல்லை. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது.

கூகுள் முன்பும் டைட்டிலை மாற்றிக் காட்டியதுண்டு. 2021 ஆகஸ்டில் முறையை மாற்றிய பிறகு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற தலைப்பை இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. ஒரே சொல்லை அடுக்கினால் மாற்றிவிடும் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு தொடரை எடுத்து முன்னால் வையுங்கள், தளத்தின் பெயர் கடைசியில் இருக்கட்டும். எந்தத் தொடர் என்று நீங்களாக யோசிக்காதீர்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, என்ன தேடி வருகிறார்கள் என்று பாருங்கள்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீதிக் கீவேர்டுகளை மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கில் (பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணில் படாமல் இருக்கும் பட்டியல்) போட்டுவிடலாமே?

பழைய_கீபோர்டு:
தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. விடுங்கள்.

அரைப்புள்ளி:
டைட்டிலின் நீளத்தையும் கவனியுங்கள். 'அறுபது எழுத்து' என்று சொல்வதெல்லாம் ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் கூகுள் டைட்டிலை வெட்டுவது அகலத்தைப் பார்த்துத்தான். 'ணை', 'னௌ' எல்லாம் எவ்வளவு இடம் பிடிக்கும், பாருங்கள்! தமிழில் முக்கியமான சொல் முதல் நான்கைந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம், நாற்பது பக்கத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். நன்றாகப் போகிற பக்கத்தில் கை வைக்கவே வேண்டாம்.

செயின்கறை:
கன்சோலைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் 'சுத்தம்', 'சுத்தம்' என்று எழுதிக்கொண்டிருக்க, வருகிறவர்கள் தேடுவது 'சத்தம்'! 'சைக்கிள் செயின் சத்தம் வருகிறது', 'மிதிக்கும்போது கடகட சத்தம்'. அழுக்கு யாருக்கும் உறுத்தவில்லை, காதில் விழுவதுதான் உறுத்துகிறது. பக்கத்தில் சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்.

இப்போது வைத்திருப்பது: 'சைக்கிள் செயின் சத்தம்: கழற்றாமலே சுத்தம் செய்து எண்ணெய் விடுவது எப்படி?' உள்ளே இருந்த பெரிய தலைப்பையும் இதற்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டேன். சரியா?

பழைய_கீபோர்டு:
டைட்டில் சரி. ஆனால் அந்த ஒரு வரியை நான்கு பத்தியாக்குங்கள். சத்தம் என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வெறும் துடைக்கும் துணியைக் காட்டினால், வந்தவர் அடுத்த நொடியே திரும்பிப் போய்விடுவார். எழுதி முடித்துச் சில வாரம் விட்டுவிடுங்கள். தினமும் போய்த் தேடிப் பார்க்காதீர்கள்.

செயின்கறை:
ஏற்கனவே இரண்டு தடவை தேடிவிட்டேன்.