டிரான்ஸ்ஃபார்மர் உறுமல், ஜிபிஎஸ் கடிகாரம் துண்டிப்பு: இரண்டுமே சூரியப் புயலாலா?

வேலந்தாவளம் ஷிஃப்ட்:
வணக்கங்க. பாலக்காடு எல்லையோரம் 5 மெகாவாட் சோலார் பிளான்ட். 33 கேவி / 800 வோல்ட், 2.5 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு. 33 கேவி லைன் 18 கி.மீ. ஓடி சப்ஸ்டேஷனுக்குப் போகுது.

ஒரு வாரமா 2-ம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மர் காலை 10 மணிக்கு மேல உறுமுது, சாயங்காலம் 4 மணிக்கு அடங்கிடுது. எண்ணெய்ச் சூடு 1-ம் நம்பரைவிட 6 டிகிரி கூட. அதே வாரம் ராத்திரி 8:30-லேர்ந்து 11 வரைக்கும் ரிலே பேனல் (கோளாறு வந்தா லைனைத் துண்டிக்கிற பாதுகாப்புப் பெட்டி) ஜிபிஎஸ் கடிகாரம் விட்டுவிட்டு லாக் (செயற்கைக்கோள் சிக்னல் பிடிப்பு) இழக்குது. சூரிய வெடிப்பால ஜி4 (அஞ்சு படியில நாலாவது) புவிகாந்தப் புயல்னு செய்தி வந்த வாரம் இது. டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி வைக்கணுமா?

ரிலே பெட்டி:
ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. முதல்ல டிரான்ஸ்ஃபார்மர். பெயர்ப்பலகையில வெக்டர் குரூப் (சுருள்களை இணைச்ச விதம்) என்ன போட்டிருக்கு?

வேலந்தாவளம் ஷிஃப்ட்:
டிஒய்11-ங்க, அதாவது 33 கேவி சுருள் டெல்டா (முக்கோண இணைப்பு), 800 வோல்ட் சுருள் ஸ்டார் (மூணு முனையும் நியூட்ரல்ங்கிற நடுப்புள்ளியில சேரும்). 800 வோல்ட் பக்கம் நியூட்ரல் எர்த் பண்ணலை.

ரிலே பெட்டி:
அப்ப புயல் மின்னோட்டம் உள்ள வர வழியே இல்லை. புயல் நேரத்துல பூமியோட காந்தப்புலம் ஆடும்போது தரையில ஒரு மின்புலம் உண்டாகும். அது தள்ளுற மின்னோட்டம் கிட்டத்தட்ட டிசி (ஒரே திசை மின்னோட்டம்) மாதிரி மெதுவா மாறும். அது லைன்ல ஓடணும்னா ரெண்டு முனையிலயும் ஸ்டார் நியூட்ரல் எர்த் ஆகியிருக்கணும். உங்க 33 கேவி பக்கம் டெல்டா, எர்த் பண்ண நியூட்ரலே இல்லை.

ஒரு பேச்சுக்கு எர்த் பண்ணின ஸ்டார்னே வைங்க. கி.மீ.க்கு 0.2 வோல்ட்னு எடுத்தா 18 கி.மீ.க்கு 3.6 வோல்ட். லைன், ரெண்டு எர்த் மேட் (தரையில புதைச்ச கம்பி வலை) எல்லாம் சேர்ந்து 3 ஓம்னா 1.2 ஆம்பியர், ஃபேஸுக்கு 0.4. கியூபெக்ல 1989 மார்ச் 13 அன்னிக்கு 92 செகண்டுல கிரிட் விழுந்துச்சுன்னா, அங்க இருந்தது நூத்துக்கணக்கான கி.மீ. நீளமான 735 கேவி லைன், அடியில மின்சாரம் எளிதில் கடக்காத பாறை, தலைக்கு மேல துருவ ஒளி மண்டலம். அங்கயும் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு கிரிட் விழலை. கோர் (டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இருக்கிற இரும்பு) காந்தத்தால நிறைஞ்சு கிளம்பின ஹார்மோனிக்ஸ்ல (மூல அதிர்வெண்ணோட மடங்கு அலைகள்), வோல்டேஜைத் தாங்கிப் பிடிச்சிருந்த கம்பென்சேட்டர்கள் வரிசையா டிரிப் ஆச்சு. அதுதான் ஆரம்பம்.

இன்னொண்ணு, புயல்னா ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரும் உறுமணும். உங்களுக்கு ஒண்ணுதான், அதுவும் வெயில் ஏற ஏற. எனக்கு இன்வெர்ட்டர்லேர்ந்து (பேனலோட டிசியை ஏசியாக்குற பெட்டி) டிசி கசியுதுன்னுதான் தோணுது.

2500 கேவிஏ, 800 வோல்ட்னா முழு மின்னோட்டம் சுமார் 1800 ஆம்பியர். இன்வெர்ட்டர் டிசி கசிவுக்கு அனுமதி 0.5 சதவீதம், அதாவது 9 ஆம்பியர். இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் சும்மா நிக்கும்போது இழுக்கிற காந்தமாக்கும் மின்னோட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால வரம்புக்குப் பக்கத்துல போனாலே கோர் ஒரு பக்கம் சாய்ஞ்சு, அரைச் சுற்றுல மட்டும் நிறையும்.

சோதனை இப்படி: நல்ல டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸ், அதோட மடங்குகள்ல பாடும். டிசி ஏறினா ரெண்டு அரைச் சுற்றும் சமமா இருக்காது, 50, 150, 250-ம் சேரும். போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு, வேலிக்கு வெளிய நின்னு ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரே தூரத்துல பதிவு பண்ணுங்க. போன் மைக் 50-ஐச் சரியாப் பிடிக்காது, 150-ஐயும் 250-ஐயும் பாருங்க.

அதுல தெரிஞ்சா, இன்வெர்ட்டர்களை அஞ்சு அஞ்சா நிறுத்துங்க. மென்பொருள்ல ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்க. லோடுல டிசி ஐசொலேட்டரை (கைச்சுவிட்ச்) திறந்தா ஆர்க் (மின்தீப்பொறி) பிடிச்சுக்கும். கிளாம்ப் மீட்டரை நம்பி இறங்காதீங்க. 100 கிலோவாட் இன்வெர்ட்டர்ல 72 ஆம்பியர் ஏசிக்குள்ள 0.36 ஆம்பியர் டிசியைத் தேடறீங்க, சாதாரண மீட்டருக்குப் பிடிபடாது.

தும்பா பக்கம்:
மேல சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும். நம்ம அட்சரேகையில புயலே பிரச்சினை இல்லைன்னு எடுத்துக்காதீங்க. காந்த நடுக்கோடு நம்ம தெற்கு முனையை ஒட்டிப் போகுது. பகல்ல சுமார் 105 கி.மீ. உயரத்துல நடுக்கோட்டு மின்னோட்ட ஓடை பாயுது. 1963-ல முதல் ராக்கெட் கிளம்பின திருவனந்தபுரம் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே இந்தக் கோடு பக்கத்துல இருந்ததுதான். புயலோட முதல் அடி பகல்ல விழுந்தா இந்த ஓடை அதைப் பெருக்கும். நீளமான 400, 765 கேவி லைன்ல நியூட்ரல் டிசியைக் கண்காணிக்கிறது அவசியம். 33 கேவிக்கு வேண்டாம்.

உங்க கடிகாரத்துக்கு வர்றேன். சூரியன் மறைஞ்சதும் இங்க அயனி மண்டலம் (உயரத்துல இருக்கிற மின்னேறிய காற்றடுக்கு) மேல எழும்பி, அடர்த்தி குறைஞ்ச குமிழிகள் அடியிலேர்ந்து கிளம்பும். அதுக்குள்ள வர்ற சிக்னல் மினுங்கும், ரிசீவர் லாக்கை விடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர்ல, சூரிய உச்ச வருஷங்கள்ல, ராத்திரி 8-லேர்ந்து நடுராத்திரி வரை. இதுக்குப் புயல் தேவையே இல்லை. புயல் சில ராத்திரி குமிழியைத் தூண்டும், சில ராத்திரி அடக்கிடும்.

ஆனா ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டுட்டுத்தான் வானத்தைச் சந்தேகப்படணும்:

கனெக்டர்ல 5 வோல்ட் வருதா, அரெஸ்டருக்குள்ள (கேபிள்ல வர்ற மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கிறது) தண்ணி இறங்கியிருக்கா பாருங்க. பிறகு ஒரு வாரம் செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு செயற்கைக்கோளோட சிக்னல் வலிமையையும் பதிவு பண்ணுங்க. சிலது மட்டும் 10 டெசிபல் மேலயும் கீழயும் ஆடி மத்தது நிலையா இருந்தா குமிழி. எல்லாமே ஒண்ணா விழுந்தா கேபிள், இல்லைன்னா பக்கத்துல யாரோ ஜாமர் வச்சிருக்காங்க. துண்டிக்கிற நேரம் தினமும் 4 நிமிஷம் முன்னாடி நகர்ந்தா தென்னை மரமோ கட்டடமோ மறைக்குது, ஏன்னா ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வரும். குமிழி கடிகார நேரத்தைவிட்டு நகராது.

வேலந்தாவளம் ஷிஃப்ட்:
கடிகாரம் ரெண்டரை மணி நேரம் அலாரத்துல இருந்தா ரிலேக்கு ஆபத்தா?

தும்பா பக்கம்:
உள்ள இருக்கிற படிகத்தைப் பொறுத்தது. 10 லட்சத்துல 1 பங்கு விலகுற சாதாரண படிகம்னா 2.5 மணி நேரத்துல 9 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். டிரிப் ஆனா எது முதல்ல நடந்ததுன்னு பதிவுகள்ல குழம்பும். சூடேத்தி வச்ச படிகம் 100 கோடியில 1 பங்கு விலகுதுன்னா 9 மைக்ரோசெகண்ட்தான். அந்த வகை வாங்குங்க. எல்1 அலைவரிசை மட்டும் போதாது, எல்1-எல்5 ரெண்டும், நாவிக் (இந்தியாவோட செயற்கைக்கோள் அமைப்பு) எல்லாம் பிடிக்கிற ரிசீவர் வேணும். குமிழி ஒரு பக்கம் மறைச்சாலும் மத்த திசையில செயற்கைக்கோள் மிஞ்சும்.

வேலந்தாவளம் ஷிஃப்ட்:
பார்த்தாச்சுங்க. 2-ம் நம்பர்ல 150, 250 தெளிவாத் தெரியுது, 1-ல இல்லை. மூணாவது குழுவை நிறுத்தினதும் அடங்கிடுச்சு. அதுல ஒண்ணொண்ணா நிறுத்தினோம், 14-ம் இன்வெர்ட்டர். கடிகாரம் அஞ்சு ராத்திரியும் அதே நேரம், நாலஞ்சு செயற்கைக்கோள் மட்டும் ஆடுது.

ரிலே பெட்டி:
14-ல மின்னோட்ட சென்சாரோட பூஜ்யம் நகர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் அதை நம்பி எதிர்ப்பக்கமா டிசியைத் தள்ளும். சென்சார் போர்டு மாத்துற வரைக்கும் அதை நிறுத்தி வைங்க, டிரான்ஸ்ஃபார்மர் ஓடட்டும். ஒரு எண்ணெய் மாதிரி எடுத்து வாயுப் பரிசோதனைக்கு அனுப்புங்க. ஹைட்ரஜன், மீத்தேன், எத்திலீன் ஏறியிருந்தா ஒரு மாசம் கழிச்சு இன்னொரு மாதிரி எடுங்க.