வால்பாறை மழைக்கு ரெயின் கவர் வாங்குறவன் ஏமாளியாம்!

ஊசித்தூறல்:
பக்கத்து இழையில ஒரு அண்ணன் எழுதியிருக்கார்: "ஓஎம்-1 கேமராவுல ஐபி53 இருக்கு. வால்பாறையில ஜூலை மழையில ரெண்டு மணி நேரம் கவர் இல்லாம இருவாச்சிப் பறவையைப் படம் எடுத்தேன். கவர் வாங்குறவன் ஏமாளி." சரி, நான் ஏமாளி. ஐபின்னா தூசி, தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற தரக்குறியீடு. ஆனா அந்த 53ல கடைசியா இருக்குற 3, அதாவது தண்ணிக்கான எண், எதுக்குன்னு தெரியுமா? செங்குத்துல இருந்து 60 டிகிரி வரைக்கும் சாய்ஞ்சு வர்ற தெளிப்புக்குத்தான் சோதனை. அதுக்கு மேல சாய்ஞ்சா உங்க பாடு.

மலைமுகடு:
அந்த அண்ணன் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். மழை என்ன கோணமானி வச்சுக்கிட்டா பெய்யுது? நனைஞ்சுது, துடைச்சேன், இன்னும் ஓடுது. அவ்வளவுதான்.

ஊசித்தூறல்:
காத்தடிச்சா மழை பக்கவாட்டுல வருமே, அது 60ஆ, 80ஆ? லென்ஸும் அதே தரத்துல இருந்தாதான் அந்த 53க்கே மதிப்பு. நீங்க மாட்டியிருந்த லென்ஸ் எது? சொல்ல மாட்டீங்க.

பனிக்கரடி_மதுரை:
மழையை விடுங்கப்பா. பிப்ரவரியில லடாக்ல ஹெமிஸ் பக்கம் பனிச்சிறுத்தை தேடிப் போனோம். விடியக்காலை மைனஸ் 20. பேட்டரி பாதிக்கு மேல காட்டிக்கிட்டே அணைஞ்சுது. கழட்டி ஸ்வெட்டருக்குள்ள வச்சு சூடேத்தின பிறகு மறுபடி ஓடுச்சு. குளிருக்கு எந்த ரப்பர் சீலும் உதவாது. ராத்திரி அடுப்பு பக்கத்துல பையைத் திறந்தேன் பாருங்க, லென்ஸ் முழுக்க வேர்த்துக் கொட்டிடுச்சு. வெளியிலயே ஜிப் கவர்ல போட்டு மூடிடணும். உள்ள வந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கணும்.

மலைமுகடு:
ஓஎம்-1 மைனஸ் 10 வரைக்கும்தான்னு கம்பெனியே சொல்லுது. மைனஸ் 20க்குக் கொண்டு போயிட்டு குறை சொன்னா?

பனிக்கரடி_மதுரை:
என்னோடது ஓஎம்-1னு எப்பய்யா சொன்னேன்? படிக்காமலே பதில் போடுறது இன்னும் போகல. டாப்ஸ்லிப்ல என்கிட்ட வாங்கின பீன் பேக், அதான் லென்ஸைத் தாங்க வைக்கிற பை, எங்க?

மலைமுகடு:
கிழிஞ்சதைக் குடுத்துட்டு ரெண்டு வருஷமா கேக்குறீங்க.

ஊசித்தூறல்:
பீன் பேக்கை அப்புறம் பாக்கலாம். 60 டிகிரி?

சும்மா_வந்தேன்:
என் போன் ஐபி68. வாளித் தண்ணியில முக்கி எடுத்தேன், ஒண்ணும் ஆகல. இதுக்கா லட்சக்கணக்குல கேமரா?

ஊசித்தூறல்:
தம்பி, முக்குற சோதனை வேற, பீய்ச்சுற சோதனை வேற. முக்குறதுக்கான 8 வாங்கினது, பீய்ச்சுறதுக்கான 5ஐயும் 6ஐயும் தானா தாண்டிடாது. வாளியை விட்டு வெளிய வாங்க.

எல்லாருக்கும் சொல்றேன். என் பழைய கேமரா பாடியும் 'எந்த மழைக்கும் தாங்கும்'னு விளம்பரம் பாத்து வாங்கினதுதான், கம்பெனி பேர் வேண்டாம். ஃபிளாஷ் மாட்டுற இடம் வழியா தண்ணி இறங்கிடுச்சு. சர்வீஸ்ல ஒரே வார்த்தை: "நீர்ச்சேதம், வாரண்டி கிடையாது." பில் 38,000.

மலைமுகடு:
ஓ, கடுப்பு அதுலதானா? அப்ப என் கேமரா மேல ஏன் காட்டுறீங்க?

ஊசித்தூறல்:
பேச்சை மாத்தாதீங்க. 60ஆ, 80ஆ?

மலைமுகடு:
அன்னைக்கு எடுத்த படத்தையே போட்டிருக்கேன். கண்ணிருந்தா பாருங்க.

ஊசித்தூறல்:
பாத்தேன். மழைக்கோடு எல்லாம் நேரா இறங்குது. சாய்ஞ்ச மழையில எடுத்தது இருந்தா போடுங்க.