ஒட்டகம் எழும்போது பின்னால் சாயுங்கள்: ஜெய்சல்மேர் அனுபவம்

தில்லியில் நம்மவர்கள் நிறையப் பேர் டிசம்பர் விடுமுறைக்கு ராஜஸ்தான் பாலைவனத்து ஊரான ஜெய்சல்மேர் கிளம்புகிறார்கள், அதனால் நானும் எழுதிவைக்கிறேன். ராமகிருஷ்ணபுரத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். இந்தப் பயணம் வரை நான் பார்த்த ஒட்டகமெல்லாம் ஜனவரி 26 அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் ஏறி வருபவைதான். ராத்திரி முழுக்க ரயில், அப்புறம் ஊரிலிருந்து ஜீப்பில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் சம் என்ற இடத்து மணல்மேடுகள்.

மடங்கி உட்கார்ந்திருக்கும் ஒட்டகத்தின் மேல் ஏறுவது சுலபம், அது எழுந்திருக்கும்போதுதான் கவனம் வேண்டும். பின்னங்கால்களை முதலில் நிமிர்த்துவதால் நாம் அப்படியே முன்னால் சரிவோம். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும், அப்போதும் முன்னால்தான். சேணத்தின் முன்பிடியை இறுகப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்துவிடுங்கள். நான் கையை விட்டிருந்தேன், நெற்றி இடித்து வீங்கிவிட்டது. நடக்கும்போது ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்து வைக்கும், அந்த ஆட்டம் அதனால்தான். இடுப்பை விறைக்காமல் அதன் போக்கில் விட்டால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்களுக்கு முதலில் கொண்டுவந்த ஒட்டகத்துக்கு கயிறு கட்ட மூக்கில் குச்சி செருகிய இடம் புண்ணாகி ஈ மொய்த்தது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றார் கூடாரக்காரர். எனக்கு மனசு வரவில்லை. வேறு ஒட்டகம் கேட்டுக் காத்திருந்ததில் சூரியன் மறைந்தே போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிறகு வேறு ஒட்டகத்தோடு வந்த பெரியவர் கயிற்றை இழுக்கவே இல்லை, ஒட்டகத்தோடு பேசிக்கொண்டே நடந்தார். அப்பா காலத்தில் பெரிய மந்தை இருந்ததாம், இப்போது மூன்றுதான். மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, வண்டி இழுக்கும் வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து தேடினால், 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 4 லட்சம் இருந்தவை 2019இல் இரண்டரை லட்சமாகியிருக்கின்றன. நடுவில் 2014இல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காகவும் அறிவித்தது! தயவுசெய்து ஏறும் முன் மூக்கையும் சேணத்தின் அடியையும் ஒரு தடவை பாருங்கள், புண் இருந்தால் ஏறாதீர்கள்.

மயூர் விகாரிலிருந்து ஒரு கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முதுகுவலி உண்டு. ஏறலாமா அக்கா?

வேண்டாம் தம்பி, அந்தக் குலுக்கல் தாங்காது. அங்கேயே ஒட்டக வண்டி கிடைக்கும், மெத்தை போட்டிருப்பார்கள், அம்மாவை அதில் உட்கார வையுங்கள். காதை மூட ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டியதும் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும்.