ஊருக்குப் போனால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியுமா? ஒரு மாணவியின் கேள்வி

காவிரிக்கரை | 13 ஜூன் 2021

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியின் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழக நகரில் முதுகலை படிக்கிறேன். சென்ற மாதம் கும்பகோணத்தில் என் தந்தை கொரோனாவால் காலமானார். பதினாறாம் நாள் காரியங்களைச் சித்தப்பாதான் முன்னின்று செய்தார். நான் எல்லாவற்றையும் கைப்பேசித் திரையில் பார்த்தேன். நான் ஒரே மகள். அம்மா இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது கூட இருந்தால் நல்லது என்ற நிலை.

போய்வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. திரும்ப முடியுமா என்பதுதான் அச்சம். ஏப்ரல் 26 முதல் இந்தியா, ஜெர்மனி வெளியிடும் உருமாறிய வைரஸ் பரவும் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. என் வசிப்பு அனுமதி ஆகஸ்ட் இறுதியில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன், விண்ணப்பம் கிடைத்ததாக மின்னஞ்சல் மட்டும் வந்திருக்கிறது. திரும்பியதும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் இருப்பதோ மூன்று பேர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில். நாளை மறுநாள் பயோன்டெக் தடுப்பூசியின் முதல் தவணை போட இருக்கிறேன். இதே நிலையில் போய்வந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.

ரைன்கரை | 13 ஜூன் 2021

தங்கைக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் பல ஆண்டுகளாக ட்யூசல்டார்ஃபில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு முதலே நம் மாணவர்கள் பலருக்கு இந்தக் காகித வேலைகளில் துணையாக இருந்துவருகிறேன். தெரிந்தவற்றை வரிசை பாராமல் எழுதுகிறேன்.

முதலில் அச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து பயணிகளை ஏற்றிவரக் கூடாது என்ற தடை, ஜெர்மானியக் குடிமக்களுக்கும், இங்கே வசிப்பிடமும் வசிப்பு உரிமையும் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. எனவே சட்டப்படி நீங்கள் திரும்பலாம். சிக்கல் சட்டத்தில் இல்லை. அந்த உரிமையை விமான நிலையத்தில் எந்தக் காகிதத்தைக் காட்டி நிறுவப்போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. வசிப்பு அனுமதி அட்டை ஆகஸ்டில் முடிந்து நீங்கள் செப்டம்பரில் திரும்பினால், விண்ணப்பம் கிடைத்தது என்ற மின்னஞ்சலை விமான நிறுவனத்தின் ஊழியர் ஏற்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தவறான பயணியை ஏற்றினால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும்.

உங்களுக்குத் தேவையானது ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று இங்கே சொல்லப்படும் இடைக்காலச் சான்று. அது மடித்த தாளாக வரும். கையில் வாங்கியதும் உள்ளே எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வசிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற வரிக்கு எதிரே குறி இருந்தால், பழைய அனுமதி தொடர்ந்து செல்லுபடியாகிறது என்று பொருள். காலாவதியான அட்டை, கடவுச்சீட்டு, இந்தச் சான்று ஆகிய மூன்றையும் காட்டி நாட்டுக்குள் வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றிருந்தால் இங்கே தங்கியிருக்க மட்டுமே அது உதவும். அதை நம்பி வெளிநாடு போகக் கூடாது. அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டதால் உங்களுக்கு 4ஆம் உட்பிரிவுதான் பொருந்தும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்ததைச் சொல்லி, இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, பயணத்துக்காக இந்தச் சான்று அவசரமாகத் தேவை என்று இன்றே எழுதுங்கள். கூடவே, ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் வசிப்பு அனுமதி தானாகவே முடிந்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. துபாய் வழியாக வந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் இப்போது இடைநிற்கக்கூட விடுவதில்லை. எல்லைக்கு அருகில் இருப்பதால் பிரஸ்ஸல்ஸில் இறங்கி ரயிலில் வரலாம் என்று உங்களுக்கே தோன்றலாம். அதிலும் பயனில்லை. எந்த வழியாக வந்தாலும், கடந்த 10 நாள்களில் உருமாறிய வைரஸ் பட்டியலில் உள்ள நாட்டில் இருந்தவர் என்றால் ஜெர்மனியின் விதி அப்படியே பொருந்தும்; இடையில் பெல்ஜியத்தின் விதியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இயங்கும் நேரடி விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் வந்து இறங்குவதே நல்லது.

திரும்பும்போது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்று கையில் வேண்டும். மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ஜெர்மனியில் நுழையும் நேரம் வரை கணக்கு என்பதால், கும்பகோணத்தில் மாதிரி கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து விமானம் ஏறுவதில் நேரம் இறுக்கமாகிவிடும், சென்னையிலேயே கொடுங்கள். வருகையை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அந்தப் பதிவின் நகலை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குப் போகும்போதும் இதே போன்ற சோதனைச் சான்றை, அங்கே வரும் பயணிகள் பதிவு செய்யும் ஏர் சுவிதா தளத்தில் ஏற்ற வேண்டும். இந்தியாவில் இறங்கியதும் உங்கள் செலவில் மீண்டும் ஒரு சோதனை உண்டு. தமிழ்நாட்டுக்குள் தஞ்சாவூர் மாவட்டம் ஊரடங்குத் தளர்வுகள் குறைவாக உள்ள 11 மாவட்டங்களில் ஒன்று. பேருந்து கிடையாது, இ-பதிவு செய்துகொண்டு காரில்தான் ஊருக்குப் போக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டையும் மறக்காதீர்கள். இங்குள்ள மாணவர் காப்பீடு இந்தியாவில் ஆகும் சிகிச்சைச் செலவை ஏற்காது. தனியாக ஒரு பயணக் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இந்தக் காலத்தில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

அம்மாவின் அலுவலக வேலைகளில் எல்லாவற்றுக்கும் நீங்கள் நேரில் வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அம்மாவே இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் கையெழுத்து தேவைப்படும் இடங்களுக்குச் சித்தப்பாவின் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதி, ஃபிராங்க்ஃபர்ட் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். உங்கள் மாநிலம் அவர்கள் எல்லைக்குள் வருகிறது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

நெக்கார் | 14 ஜூன் 2021

அன்புத் தங்கைக்கு, அண்ணன் காகிதங்களைப் பற்றி எழுதிவிட்டார். நான் அந்தத் தனிமை நாள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மே மாதத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஷ்டுட்கார்ட் திரும்பியவள் நான். எனக்கும் பொதுச் சமையலறைதான்.

மற்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் சோதனை செய்துகொண்டு முன்னதாகவே வெளியே வரலாம், தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டவர்களுக்குத் தனிமையே இல்லை. இந்தப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு விலக்குகளும் கிடையாது. தடுப்பூசி போட்டிருந்தாலும், எத்தனை முறை நோய் இல்லை என்று வந்தாலும், 14 நாள் முழுமையாக இருந்தாக வேண்டும். மீறினால் 25,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சுகாதார அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். கடுமையாகப் பேசமாட்டார்கள், ஆனால் வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

உடன் வசிப்பவர்களிடம் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான் வருவதற்குள் என் வீட்டுத் தோழிகளுடன் சமையலறைக்கு நேரம் பிரித்துக்கொண்டிருந்தேன்: அவர்கள் சமைத்து முடித்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புவார்கள், நான் எஃப்எஃப்பி2 முகக்கவசத்துடன் போய், தட்டைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுவேன். சோற்றுக்கு அறைக்குள்ளேயே ஒரு மின்சாரக் குக்கர் வைத்துக்கொண்டேன். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் மூன்றையும் அம்மாவிடம் கேட்டு நிறையவே கொண்டுவாருங்கள். தயிரும் பாலும் யாராவது வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும், சமாளித்துவிடலாம். உடன் வசிப்பவர்களில் ஒருவருக்காவது வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ இருந்து, அவர் அடிக்கடி போய்வருபவராக இருந்தால், இந்த ஏற்பாடு சரிவராது. அப்போது மாணவர் விடுதி நிர்வாகத்திடம் தனி அறை ஏதேனும் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பகுதிநேர வேலை செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால் முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தனிமையில் இழக்கும் ஊதியத்துக்கு அரசு தரும் இழப்பீடு, தவிர்த்திருக்கக்கூடிய பயணம் என்று கருதப்பட்டால் கிடைக்காது. தள்ளிப்போட முடியாத காரணம் இருந்தது என்று நிறுவ, தந்தையின் இறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் நாலு பேருக்கு நடுவில் இருக்கும்போது துக்கம் வேறு மாதிரி இருக்கும். திரும்பி வந்து பூட்டிய அறையில் இருக்கும்போதுதான் எனக்குத் தாத்தாவின் இழப்பு முழுமையாக உறைத்தது. அந்த நாள்களில் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உங்களை அழைத்துப் பேச ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். யாரும் இல்லாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் அழைக்கிறேன்.

லாச்சப்பல் வாசகர் | 16 ஜூன் 2021

பிள்ளை, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியாமல் இருந்தேன். நான் பாரிஸில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன். சென்ற ஆண்டு ஏப்ரலில் என் தாயார் ஊரில் காலமானார். இலங்கை மார்ச் மாதத்திலேயே விமான நிலையத்தை வருகிறவர்களுக்கு மூடிவிட்டது. இந்த ஆண்டு ஜனவரி 21 அன்றுதான் மீண்டும் திறந்தது. போவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குக்கூட எனக்கு இடமிருக்கவில்லை.

இங்கேயும் அப்போது முழு அடைப்பு. வீட்டை விட்டு இறங்குவதற்கு, பெயர், பிறந்த தேதி, முகவரி, புறப்படும் நேரம், காரணம் எல்லாம் நிரப்பி நாமே கையெழுத்திட்ட ஒரு தாள் ஒவ்வொரு முறையும் வேண்டும். உடற்பயிற்சிக்கென்றால் ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம். தாள் இல்லாமல் பிடிபட்டால் 135 யூரோ. அந்தத் தாளில் மருந்து வாங்கவும் சாமான் வாங்கவும் கட்டங்கள் இருந்தன. துக்கம் விசாரிக்கப் போவதற்குக் கட்டம் இல்லை. செத்தவீடு என்றால் தெருவே வந்து நிற்கும் ஊரில் பிறந்த நாங்கள், அடுத்த தெருவில் இருக்கும் தம்பியின் முகத்தைக்கூட நேரில் பார்க்காமல் அந்தக் கிழமையைக் கழித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைக் கீரிமலையில் உறவினர் ஒருவர் செய்தார்.

இதை எழுதுவது உங்களை வருத்துவதற்காக அல்ல. எனக்கு மூடியிருந்த கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. பட்டியல் மாறட்டும், எண்ணிக்கை குறையட்டும், படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினால் காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். ரைன்கரை சொன்ன அந்த இடைக்காலச் சான்று கைக்கு வந்ததும் புறப்படுங்கள் என்பதே என் எண்ணம். காகிதம் இல்லாமல் மட்டும் போகவேண்டாம். நீங்கள் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் அம்மாவுக்கு அது இன்னொரு துயரம்.

ரைன்கரை | 16 ஜூன் 2021

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. அவர் கருத்தோடு ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். அம்மாவுக்குத் தடுப்பூசி ஆகிவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும். தங்கையும் பயோன்டெக்கின் இரண்டாம் தவணையை முடித்துவிட்டுப் போவது நல்லது. அந்தத் தடுப்பூசி இந்தியாவில் கிடையாது; முதல் தவணையோடு போய் அங்கே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தால், இரண்டாவதை அங்கே போட்டுக்கொள்ள வழியில்லை. வீட்டுக்குள் நோயைக் கொண்டுபோகும் அபாயத்தையும் எண்ண வேண்டும். சில வாரத் தாமதம் காத்திருப்பு ஆகாது.

காவிரிக்கரை | 8 ஜூலை 2021

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முதல் இந்தியாவை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, அதிகத் தொற்றுள்ள நாடுகளின் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் அம்மாவைத்தான் அழைத்தேன். அவருக்கு முதல் தவணை கோவிஷீல்டு போட்டாகிவிட்டது. இரண்டாவதுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இடைக்காலச் சான்று சென்ற வாரம் வந்தது. அண்ணன் சொன்னபடி கட்டத்தைப் பார்த்தேன், 4ஆம் உட்பிரிவுதான். என் இரண்டாம் தவணை ஜூலை இறுதியில். அதற்குப் பிறகு இரண்டு வாரம் விட்டு ஆகஸ்ட் நடுவில் புறப்பட்டு, செப்டம்பர் இறுதியில் திரும்புவதாகப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். ஆய்வேட்டுக்கு என் பேராசிரியை கால நீட்டிப்புத் தந்துவிட்டார். அதிகாரப் பத்திரத்துக்கு இனித் தேவையில்லை என்று நினைக்கிறேன். சித்தப்பா அம்மாவை அழைத்துப்போய் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

ஒரே ஒரு ஐயம். புதிய பட்டியலின்படி, இரண்டு தவணையும் போட்ட எனக்குத் திரும்பும்போது தனிமை உண்டா, இல்லையா?

ரைன்கரை | 8 ஜூலை 2021

இன்றைய விதிப்படி இல்லை. இணையத்தில் வருகையைப் பதிவு செய்யும்போதே தடுப்பூசிச் சான்றையும் அதே தளத்தில் ஏற்றிவிடுங்கள். நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஏற்றிவிட்டால் தனிமை தொடங்குவதே இல்லை. ஆனால் பட்டியலை ஜெர்மனியின் தொற்றுநோய்த் தடுப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வெளியிட்டு, ஞாயிறு முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. செப்டம்பரில் திரும்புவதற்கு முந்தைய வெள்ளியன்று கட்டாயம் பாருங்கள். மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தை மட்டும் நம்பாமல், மருந்துக்கடையில் கொடுத்து க்யூஆர் குறியீடுள்ள சான்றாக மாற்றி, அதையும் அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.