காதுச் சீழிலிருந்து மூளைச் சிரையில் இரத்த உறைவு: ஹெப்பாரின் தேவையா?

கேள்வி:
என் தம்பிக்கு வயது 17. சிறு வயது முதலே வலக்காதில் சீழ் வடியும். பஞ்சால் துடைத்துவிட்டு, அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டோம். சென்ற வாரம், இரண்டு போர்வைக்கும் அடங்காத நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறி, சில மணி நேரத்தில் வியர்த்து இறங்கி, மீண்டும் ஏறியது. மலேரியா, டெங்கு இரண்டும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், காதுக்குப் பின்னுள்ள சிக்மாய்டு சைனஸ் என்ற மூளைச் சிரைப்பாதையில் கிருமி தொற்றிய இரத்த உறைவு இருப்பதாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில் மருத்துவர்கள் ஒன்றுபடுகிறார்கள். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர், கூடாது என்கிறார் மற்றொருவர். நாங்கள் எதை ஏற்பது?

பதில் 1:
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். மூளையிலிருந்து இரத்தத்தைக் கழுத்துக்கு இறக்கும் அந்தச் சிரைப்பாதைக்கும் காதெலும்புக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடுதான் உண்டு. சீழ் அதை அரித்துவிட்டால் சிரையின் சுவர் அழன்று, உள்ளே இரத்தம் உறைகிறது. உறைகட்டியிலிருந்து கிருமிகள் அவ்வப்போது இரத்தத்தில் கலப்பதால்தான் நீங்கள் சொல்லும் நடுக்கம்.

சிரைகளின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.வி. படத்தில் ஒரு பக்கம் ஓட்டம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கச் சிரை, பெரும்பாலும் இடப்பக்கம், சிறுத்திருக்கும். மருந்தேற்றி எடுக்கும் சி.டி.யில் சுற்றிலும் வெண்ணிற விளிம்பும் நடுவே கருமையுமாகத் தெரிந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

சிகிச்சையின் முதுகெலும்பு, சிரைவழியாகப் பல வாரங்கள் ஏற்றும் ஆன்டிபயாட்டிக்கும், காதுக்குப் பின்னுள்ள, சீழ் நிறைந்த மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சுத்தம் செய்வதும்தான். முன்பு சிரையையே பிளந்து உறைகட்டியை எடுத்து, கழுத்துச் சிரையைக் கட்டிவிடுவார்கள். இன்று அது அரிது. ஹெப்பாரினைப் பொறுத்தவரை, கிருமி தொற்றிய உறைவுக்கென்று உறுதியான பெரிய ஆய்வுகள் இல்லாததால் மருத்துவர்கள் வேறுபடுவது இயல்பே. உறைவு பரவாமல் தடுக்கும் என்பது ஒரு வாதம். அறுவை செய்த இடத்தில் இரத்தம் கசியும் என்பது எதிர்வாதம். 'வேண்டுமா' என்பதைவிட, 'அறுவைக்குப் பிறகு எப்போது' என்று கேட்டுப் பாருங்கள். கண்ணின் உட்பரிசோதனையையும் மறக்காதீர்கள். மூளை அழுத்தம் கூடினால் பார்வை பறிபோகலாம்.

பதில் 2:
என் அம்மாவுக்கு இதே போன்ற உறைவு வந்தது கண்ணுக்குப் பின்னுள்ள காவெர்னஸ் சைனஸ் என்ற சிரைப்பாதையில். மூக்கோரக் கொப்புளத்தைக் கண்ணாடி பார்த்துக் கிள்ளினார். நான்காம் நாள் ஒரு கண் பிதுங்கி வெளிப்பக்கம் திரும்ப மறுத்தது, மறுநாள் அடுத்த கண்ணும் வீங்கியது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால், கருப்புப் பூஞ்சையா என்று அறிய மூக்கினுள்ளிருந்து திசு எடுத்தார்கள். பூஞ்சைக்கு மருந்தே வேறு என்பதால் அதற்காகக் காத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்குக் கனத்தது. பரிசோதனையில் பூஞ்சை இல்லை, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. 'எப்போது' என்று கேட்டதும் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: நாளை அறுவை, கசிவு நின்றது உறுதியான பின் ஹெப்பாரின். கண் நரம்பில் இலேசான வீக்கம் இருக்கிறதாம். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.