கோ-கிட்டுக்கு (அவசரப் பைக்கு) எந்த ஹாம் ரேடியோ செட்: 705ஆ, ஜி90ஆ, 891ஆ?

டொங்காட்_மழை:
மே மாசப் பரீட்சையில் பாஸ், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸும் வந்தாச்சு. இனி அவசரப் பை கட்டணும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் பக்கம் டொங்காட்டில் எங்க தெருவில் முதல்ல கரண்ட் போச்சு, அப்புறம் குழாய்த் தண்ணி, அப்புறம் போன். டவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், சொல்லுங்க. அதுவும் திருடு போகாம இருந்தாத்தான். தண்ணி திரும்ப வர மாசக்கணக்காச்சு. 2024 ஜூன் 3 அன்னிக்கு டொர்னேடோ வேற வந்து கூரையைப் பிரிச்சுட்டுப் போச்சு. ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) இருக்கிற தம்பிக்கும் லைசென்ஸ் உண்டு. "எல்லாரும் உயிரோட இருக்கோம்"னு அவனுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரணும், அவ்வளவுதான். ஐகாம் ஐசி-705, சீகு ஜி90, யேசு எஃப்டி-891, மூணில் எது?

பத்துவாட்:
705. யோசிக்கவே வேண்டாம். ரொம்ப தூரம் பேச எச்எஃப் (சிற்றலை), பக்கத்தில் பேச 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டு (அலைவரிசை) எல்லாம் ஒரே டப்பாவில். முதுகில் பேட்டரி, உள்ளே ஜிபிஎஸ், எடை ஒரு கிலோ சொச்சம். தோளில் மாட்டிக்கிட்டு மாடி ஏறிடலாம்.

பக்கிக்காரன்:
அந்த முதுகுப் பேட்டரியில் ஓடும்போது அது அஞ்சு வாட்தான், அதையும் சொல்லுங்க தம்பி. பத்து வேணும்னா வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுக்கணும். ஆன்டெனாவைச் செட்டோட பொருத்திக் கொடுக்கிற ட்யூனரும் உள்ளே கிடையாது. கொட்டுற மழையில், பேண்ட் முழுக்க இரைச்சலில், அஞ்சு வாட்டை வெச்சுக்கிட்டு யாரைக் கூப்பிடுவீங்க? 891 வாங்குங்க. 100 வாட், அளவில் ஒரு ரொட்டி மாதிரி. என் பக்கியில் (பிக்கப் வண்டி) மூணு வருஷமா கிடக்கு.

பத்துவாட்:
அண்ணே, பத்திலிருந்து நூறுக்குப் போனா 10 டெசிபல். அந்தப் பக்கம் சிக்னல் மீட்டரில் ரெண்டு எஸ்-யூனிட் (ரெண்டு படி) கூட ஏறாது. ஆனா 100 வாட்டில் பேசுறப்போ உங்க செட் 23 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பையில் வைக்கிற 20 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி எத்தனை நேரம் நிக்கும்? வெறுமனே கேட்டுக்கிட்டிருக்கவே அது ஒரு ஆம்பியர் கேக்குது. ரெண்டு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர். என் 705க்கு அதில் பாதிகூட வேண்டாம்.

பக்கிக்காரன்:
பக்கியில் என்ஜின் இருக்கு, அது பேட்டரியைப் பார்த்துக்கும்.

டொங்காட்_மழை:
அண்ணே, வெள்ளத்தன்னிக்கு எங்க பக்கம் எம்4 ரோடே அடிச்சுக்கிட்டுப் போச்சு. பக்கியை எங்க ஓட்டுவீங்க?

பக்கிக்காரன்:
ஓட்ட வேண்டாம், வாசலில் நிறுத்தினாப் போதும். இன்னொண்ணு, 891ஐ 20 வாட்டுக்கு இறக்கலாம். 705ஐ நூறுக்கு ஏத்த முடியுமா?

பத்துவாட்:
இறக்கலாம், சரி. அதுக்காக கரண்ட் அதே கணக்கில் குறையாதே. நூறு வாட்டுக்குன்னு செஞ்ச செட், இருபதில் பேசினாலும் தின்னுறதைத் தின்னும்.

மாமரத்து_அக்கா (சாட்ஸ்வர்த்):
ரெண்டு பேரும் வாட்டை விட்டு இறங்குங்க. கேள்வி கேட்டவங்களுக்கு ஜோபர்க் எட்டணும். நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். நடுவில் டிராகன்ஸ்பெர்க் மலை நிக்குது, 2 மீட்டர் ஹேண்டியும் (கையடக்கச் செட்) கையுமா கத்தினா வேலைக்கு ஆகாது. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புற ரிப்பீட்டர் இருக்கேன்னு நினைக்காதீங்க, அதுவும் கரண்ட்லதான் ஓடுது. வழி எச்எஃப்தான். பகலில் 40 மீட்டர் பேண்ட், ராத்திரி 80. ஆன்டெனா வயரைத் தாழ்வாக் கட்டினா சிக்னல் நேரா மேலே போய் ஆகாயத்தில் பட்டு, சுத்துவட்டாரம் முழுக்க இறங்கும். தோட்டத்துக் குழாயை வானம் பார்த்துப் பிடிச்சா நாலு பக்கமும் நனையுமில்ல, அந்த மாதிரி. இடையில் மலை இருந்தாலும் கவலையில்ல.

என் வயரைச் சொல்றேன். மாமரக் கிளையில் நாலு மீட்டர் உயரத்தில் நடு, அங்கிருந்து ஆளுக்குப் பத்து மீட்டரா ரெண்டு பக்கமும். அது 40 மீட்டர் பேண்டுக்கு. பத்தாவது மீட்டரில் ஒரு கிளிப். அதைக் கோத்தா மேற்கொண்டு ஒன்பது மீட்டர் சேர்ந்து 80க்கு ஆச்சு. கிளிப்புக்கிட்ட சிவப்பு டேப் சுத்தியிருக்கேன், டார்ச் வெளிச்சத்தில் தேடணுமில்ல.

போன வருஷம் ஒரு ஒத்திகையில் பட்டது இது. 705 கொண்டுவந்திருந்தேன், மழை பிடிச்சுக்கிச்சு. ஈர விரலை வெச்சா டச்-ஸ்கிரீன் என் பேச்சைக் கேக்கல, தானா வேற பேண்டுக்குத் தாவுது. சேலை முந்தானையில் துடைச்சுத் துடைச்சு ஒரு மெசேஜ் அனுப்ப இருபது நிமிஷம். நல்ல செட், குறை சொல்லல. வெயிலில் மலை ஏறப் போறவங்களுக்கு அதைவிட்டா வேற இல்ல. ஆனா மழைக்குத்தானே பை கட்டுறீங்க?

ஜி90 எடுங்க. 20 வாட். உள்ளேயே ட்யூனர், வயர் கொஞ்சம் ஏறுக்குமாறா இருந்தாலும் சமாளிச்சுடும். கேக்கும்போது அரை ஆம்பியர். 705 விலைக்கு ரெண்டு ஜி90 வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். அந்த மிச்சத்தில் தெருவுக்குள்ள பேச ஒரு ஹேண்டி, 145.500 மெகாஹெர்ட்ஸுக்கு.

பத்துவாட்:
அக்கா, ஜி90இல் 2 மீட்டரே கிடையாது. ரெண்டு செட், ரெண்டு சார்ஜர், ரெண்டு ஆன்டெனா. பை கனக்கும்.

மாமரத்து_அக்கா:
கனக்கட்டும் தம்பி. ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு இருக்கும். ஆம்பியர் கணக்கையும் திருத்திக்கோங்க. ரெண்டு நாள் முழுக்க யாரு கேட்டுக்கிட்டிருப்பா? மணிக்கு மணி முதல் பத்து நிமிஷம் திறக்கணும், மீதி நேரம் அணைச்சு வைக்கணும். 48 மணி நேரத்தில் அது எட்டு மணி நேரம்தான். ஜி90க்கு நாலு ஆம்பியர்-அவர்.

பக்கிக்காரன்:
அக்கா கணக்குப்படி 891க்கும் எட்டு ஆம்பியர்-அவர்தானே! பத்துவாட் தம்பி சொன்ன 48 எங்க போச்சு?

மாமரத்து_அக்கா:
போகட்டும், அதில் உங்க பக்கம்தான் நியாயம். ஆனா பேச ஆரம்பிச்சதும் 23 ஆம்பியர் மெல்லிசு வயரில் ஓடணும். பேட்டரி முனையில் 12.8 வோல்ட், செட்டுக்குப் போய்ச் சேர்றப்போ 11.7க்குக் கீழே போச்சுன்னா யேசு கம்பெனி சொல்ற எல்லை தாண்டிச்சு. பக்கியில் உங்க கேபிள் கட்டைவிரல் தடிமன், அதான் உங்களுக்குத் தெரியல.

பக்கிக்காரன்:
கட்டைவிரல் இல்ல, சுண்டுவிரல்.

டொங்காட்_மழை:
நன்றி அக்கா. ஜி90, ஒரு ஹேண்டி, 20 ஆம்பியர்-அவர் பேட்டரி, சிவப்பு டேப். எங்க வீட்டில் மாமரம் டொர்னேடோவில் விழுந்துடுச்சு, கொய்யா இருக்கு. மூணு மீட்டர்தான் எட்டும், பரவாயில்லையா? தம்பிகிட்ட ஞாயிறு காலை எட்டுக்கு 7110 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கேக்கச் சொல்லியிருக்கேன்.

மாமரத்து_அக்கா:
மூணு தாராளம். 7110 அவசரத்துக்குன்னு ஒதுக்கினது, முதல்ல காது கொடுத்துக் கேளுங்க. ஆள் இருந்தா அஞ்சு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போங்க. செட் வர்ற வரைக்கும் என் ஜி90ஐ எடுத்துட்டுப் போங்க.

பக்கிக்காரன்:
நானும் வர்றேன். 100 வாட்டில்தான்.

பத்துவாட்:
நான் அஞ்சில். யார் குரல் கேட்டுச்சுன்னு ஜோபர்க் தம்பி இங்க வந்து எழுதட்டும்.