பிக்கப் ஃபேன் ரேடியேட்டரை அறுத்துருச்சு: அடைச்சு ஓட்டலாமா, மாத்தியே ஆகணுமா?

கடம்பூர் லோடு வண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம வண்டி பொலிரோ பிக்கப், 2014 மாடல், ரெண்டாங்கையா எடுத்தது. சத்தியமங்கலத்துல மளிகை, உரமூட்டை ஏத்திட்டு கடம்பூர் மலைக்குப் போவேன். திரும்பறப்ப மக்காச்சோளம் கெடைச்சா ஏத்திக்கறது.

போன வாரம் மாக்கம்பாளையத்துல இருந்து லோடோட வர்றப்ப குரும்பூர் பள்ளத்துல தண்ணி. மேல எங்கியோ மழை புடிச்சிருக்குது. பஸ்ஸு அக்கரையிலயே நின்னுருச்சு. முன்னாடி ஒரு டிராக்டர் எறங்கி ஏறுச்சு, அதும் பின்னாடியே நானும் எறக்கினேன். பம்பர் முங்கற அளவுக்குத் தண்ணிங்க. நடுப்பள்ளத்துல முன்பக்கம் கரகரன்னு ஒரு சத்தம், அதுக்கப்பறம் டக்குன்னு ஒண்ணு. கரை ஏறினதும் ஒண்ணுமே கேக்கலை.

கடம்பூர் வந்து டீக்கடையில நிறுத்தினா வண்டிக்கு அடியில, எஞ்சினைக் குளுர வைக்கற பச்சை நெறக் கூலண்ட் ஒழுகுது. பானெட்டைத் தூக்கிப் பாத்தேன். ஃபேன் ரெக்கையில ரெண்டு நுனி காணோம். ஃபேனைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கூடு அடிப்பக்கம் வெடிச்சிருக்குது. ரேடியேட்டர்ல, எஞ்சின் பக்கம், கீழ்ப்பாதியில அரைவட்டமா ஒரு கோடு போட்டாப்புல கீறல். ஹீட் முள்ளு மட்டும் ஏறவே இல்லைங்க, வழக்கமா நிக்கற எடத்துக்கும் கீழதான் நின்னுது. அதனால எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலைன்னு நெனைக்கறேன்.

லோடை வேற வண்டிக்கு மாத்திட்டு, நம்ம வண்டியை ஒரு லாரி மேல ஏத்தித்தான் கே.என்.பாளையம் வழியா கீழ எறக்கினேன். சத்தியில காட்டினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர், ஃபேன் பழசு, ரெக்கை தானா உடைஞ்சு பறந்து ரேடியேட்டர்ல அடிச்சிருக்குது, ஃபேன் மட்டும் மாத்திட்டு ஓட்டையை எம்சீல் வச்சு அடைச்சுத் தர்றேங்கறார். இன்னொருத்தர் ஈயம் வச்சுப் பத்தித் தர்றேங்கறார். மூணாவது ஆளு ரேடியேட்டரே புதுசு போடுங்கறார். புதுசுன்னா கூலியோட எட்டாயிரத்துக்கு மேல ஆகும். டியூ கட்டற வண்டிங்க, யோசிக்காம எறக்க முடியாது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம் காய்கறி சொன்னது:

அவசரத்துக்குன்னா ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டு ஓட்டுங்க நண்பா. எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான். சின்ன ஒழுக்கு நின்னுரும். ஃபேன்ல எத்தனை நுனி போச்சோ அதுக்கு நேர் எதிர் ரெக்கையிலயும் அதே அளவு அறுத்து விட்டுட்டா ஆட்டம் இருக்காது. நான் ஒருதடவை அப்படியே தாராபுரம் வரைக்கும் வந்து சேந்தேன்.

நாமக்கல் ரேடியேட்டர் பட்டறை சொன்னது:

கண்ணு, ரேடியேட்டர்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி ஃபேன் ஏன் அதைத் தொட்டுச்சுன்னு தெரியணும். அது தெரியாம புது ரேடியேட்டர் மாட்டினா, அடுத்த பள்ளத்துல அதையும் அறுத்துட்டு வந்து நிப்ப. நான் லாரி ரேடியேட்டர்லயே காலத்தைத் தள்ளினவன். கீறல் எப்படி இருக்குதுன்னு பாத்தாலே பாதி சங்கதி தெரிஞ்சுரும்.

ரெக்கை தானா உடைஞ்சு பறந்திருந்தா, துண்டு போய்க் குத்தின எடத்துல ஒண்ணோ ரெண்டோ ஆழமான பொத்தல் இருக்கும். அரைவட்டம் விழாது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்து எஞ்சின் எறங்கியிருந்தா, ரெக்கை நுனி முதல்ல சுத்தி இருக்கற கூட்டைத்தான் ஒரசும். ஃபேன் மாட்டியிருக்கற வாட்டர் பம்ப்போட பேரிங் ஆடினா ஃபேன் மொத்தமா சாஞ்சு சுத்தும். அது ஒரே நாள்ல ஆகாது, அதுக்கு முன்னாடி பல நாளா பெல்ட் பக்கம் கத்தியிருக்கும்.

கீழ்ப்பாதியில மட்டும் வட்டத்துல ஒரு பாதி விழுந்திருக்குதுன்னா அது தண்ணி செஞ்ச வேலை. ஃபேன் காத்தைப் பின்னால எஞ்சின் பக்கமாத் தள்ளுது இல்ல, தள்ளற வேகத்துக்கு ரெக்கை முன்னால ரேடியேட்டர் பக்கமா வளையப் பாக்கும். காத்துல அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. தண்ணி காத்தைவிடக் கிட்டத்தட்ட எண்ணூறு மடங்கு கனம். அதுக்குள்ள ரெக்கை எறங்கினா பிளாஸ்டிக் நல்லாவே வளையும், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவுல இருக்கற கொஞ்ச எடமும் காணாமப் போயிரும். அடியில இருக்கற ரெக்கைதான் தண்ணியில முங்குது, அதனாலதான் கீழ்ப்பாதியில மட்டும் கோடு. உன்னோட கரகர சத்தம் அதுதான். டக்குன்னது நுனி முறிஞ்ச சத்தம்.

அடுத்து ஹீட் முள்ளு. ஏறலைன்னு நிம்மதியா இருக்காதே. மீட்டருக்குச் சேதி சொல்ற சென்சார் கூலண்ட்ல முங்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். தண்ணி கீழ போய் சென்சார் வெத்து எடத்துல நின்னா, உள்ள எஞ்சின் வேகறப்பவும் முள்ளு கீழயே கெடக்கும். வழக்கத்துக்கும் கீழ நின்னுதுன்னு எழுதியிருக்கற பாரு, அதுதான் எனக்குப் பயம். பள்ளத்துல இருந்து கடம்பூர் வரைக்கும் எவ்வளவு கூலண்டோட வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? அதனால முதல்ல ஆயில் குச்சியை உருவிப் பாரு. ஆயில் மூடியைத் திருகி உள்பக்கமும் பாரு. காப்பி நெறத்துல குழம்பா இருந்தா, எஞ்சின் தலைக்கு அடியில ஆயிலும் கூலண்டும் கலக்காம அடைச்சு வைக்கற ஹெட் கேஸ்கட் போச்சுன்னு அர்த்தம், ரேடியேட்டர் கதையை அப்பறம் பேசலாம்.

அப்பறம் வாட்டர் பம்ப். பெல்ட்டைக் கழட்டிட்டு ஃபேனை ரெண்டு கையிலயும் எதிரெதிராப் புடிச்சு முன்னும் பின்னுமா ஆட்டு. ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா பம்ப்பையும் மாத்தணும். பம்ப்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஈரமோ காஞ்ச கறையோ தெரிஞ்சா சீல் ஒழுகுது. நுனி ஒடைஞ்ச ஃபேனோட பள்ளத்துல இருந்து கடம்பூர் வரைக்கும் ஓடி வந்திருக்குது. ஒருபக்கம் கனம் கொறைஞ்ச ஃபேன் அத்தனை ஆட்டத்தையும் அந்தப் பேரிங் மேலதான் எறக்கும். ஒட்டன்சத்திரத்துத் தம்பி சொன்ன எதிர் ரெக்கை அறுக்கற வேலை, அனாதையா நிக்கற எடத்துல இருந்து வீடு வந்து சேரறதுக்கு. அதை வச்சுப் பொழப்பு ஓட்ட முடியாது. பிளாஸ்டிக் ரெக்கையை ஒட்டறது, தகடு வச்சு ரிவிட் அடிக்கறது எதுவும் வேண்டாம். அது நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துக்கு மேல சுத்தற சாமான், பிச்சுக்கிட்டு வந்தா பானெட்டையே கிழிக்கும்.

ஃபேன் நடுவுல, சூட்டுக்குத் தக்கன ஃபேனைப் புடிச்சுச் சுத்த வைக்கற விஸ்கஸ் கிளட்ச்சையும் பாரு. எஞ்சின் சூடாகி நிறுத்தினதுக்கப்பறம் ஃபேனைக் கையில தள்ளி விடு. புடிச்சுப் புடிச்சு நின்னுட்டா நல்லா இருக்குது. தங்கு தடையில்லாம நாலஞ்சு சுத்து ஓடினா உள்ள இருக்கற சிலிகான் ஆயில் போயிருச்சு. முகப்புல எண்ணெய் வழிஞ்சு தூசி அப்பியிருந்தாலும் அதே கதைதான். சாவியை உருவிட்டுத் தொடு.

இனி உன் கேள்வி. ரேடியேட்டர் டாங்கி கறுப்பு பிளாஸ்டிக்கா, பித்தளையா? பிளாஸ்டிக்னா கோர், அதாவது ட்யூப் வரிசையா இருக்கற நடுப்பகுதி, அலுமினியம். அலுமினியத்துல ஈயம் பத்தாது. ஈயம் வச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னார்னா அவர் ரேடியேட்டரை இன்னும் சரியாப் பாக்கலைன்னு எடுத்துக்கோ. பித்தளை டாங்கி, செம்பு கோர்னா கொண்டா, கீறல் பட்ட ட்யூப்பை மட்டும் அடைச்சோ, கோர் மாத்தியோ தரலாம், இன்னும் பல வருசம் ஓடும்.

எம்சீல் விசயம். ஒழுகற ஓட்டையை அடைச்சுரலாம், ஒத்துக்கறேன். ஆனா அரைவட்டக் கீறல் ஒரு ட்யூப்போட நிக்காது கண்ணு. வரிசையாப் பல ட்யூப்பைத் தொட்டிருக்கும். இன்னைக்கு ரெண்டு ஒழுகுது, மத்ததெல்லாம் தேஞ்சு மெலிஞ்சு நிக்குது. காலி வண்டியில சத்திக்குள்ள சுத்தறப்ப தாங்கும். உரமூட்டையோட மலை ஏறறப்ப உள்ள சூடு நூறு டிகிரி பக்கம் வரும், மூடி ஒரு கிலோ பக்கம் பிரஷர் புடிச்சு வைக்கும், அப்பத்தான் அந்த மெலிஞ்சது வெடிக்கும். வளைவுல நடுரோட்டுல. ஊருக்குள்ளயே ஓடற வண்டின்னா நானே அடைச்சுத் தருவேன். உன் ரூட்டுக்கு மாட்டேன்.

மஞ்சத்தூள் பத்தியும் சொல்லிடறேன். ஒழுக்கு நிக்கும், பொய் இல்லை. ஓட்டையை அடைக்கற தூளு ஓட்டை இல்லாத சன்ன வழியையும் அடைக்கும். எங்க பட்டறையில கோரைப் பிரிச்சா அடியில மஞ்சக் குழம்பு கட்டியா வரும், ஒரு கரண்டி வச்சிருந்தா சாம்பார் வச்சுரலாம்.

போடி மலைஜீப் சொன்னது:

நாமக்கல் அண்ணே சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. தண்ணில எறங்குற வித்தைய மட்டும் சொல்றேன். எங்க பக்கம் எஸ்டேட் ரோட்டுல ஓடை குறுக்க வந்துக்கிட்டே இருக்கும். ஆழமாத் தெரிஞ்சா முன்னாடி கிரில்லு மேல படுதாவ இழுத்துக் கட்டிருவோம், பம்பருக்குக் கீழ வரைக்கும் வர்ற மாதிரி. நேரா ரேடியேட்டருக்குள்ள தண்ணி பாயாது. வண்டி ஒரே சீரா மெதுவாப் போனா தண்ணி முன்னாடி ஒதுங்கி அலையாப் போகும், எஞ்சின் பக்கம் மட்டம் கொறைஞ்சிருக்கும். டிராக்டர் போச்சேன்னு பின்னாடியே ஒட்டிப் போனா அதோட அலை நம்ம மூஞ்சில அடிக்கும், அது ஏறி முடிச்ச பெறகு எறங்கணும். பழைய ஜீப்புல எங்க அப்பா ஃபேன் பெல்ட்டக் கழட்டி மடியில வச்சுக்கிட்டே ஓடையக் கடப்பாரு. ஓடையக் கடக்குற கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது, அக்கரையில மாட்டிக்கலாம். ஒங்க வண்டில பெல்ட்டு கழட்டுறது அம்புட்டு லேசா இருக்காது, படுதாவே போதும். தண்ணி பானெட் பக்கம் ஏறுற ஆழம்னா ரெண்டுமே வேணாம், திரும்பிருங்க. ஏர் ஃபில்ட்டர் வழியா டீசல் எஞ்சின் தண்ணி குடிச்சுட்டா பிஸ்டனப் புடிச்சிருக்குற கனெக்டிங் ராடு வளைஞ்சு போகும், எட்டாயிரத்தோட முடியாது.

இன்னொண்ணுண்ணே. பின் ஆக்சில் நடுவுல இருக்குற பல்சக்கரப் பெட்டி, அதான் டிஃப்ரன்ஷியல், அதோட ஆயில் ஒரு சொட்டு எடுத்துப் பாத்துருங்க. சூடா இருக்குற அந்தப் பெட்டி குளுந்த தண்ணில எறங்குனா உள்ள காத்து சுருங்கி, மேல இருக்குற மூச்சுக்குழாய் வழியாத் தண்ணிய இழுத்துக்கிரும். வெள்ளையா இருந்தா மாத்துங்க.

கடம்பூர் லோடு வண்டி சொன்னது:

அண்ணன்மாருக்கு நன்றிங்க. பாத்துட்டேன். ஆயில் குச்சியும் மூடியும் சுத்தம், குழம்பு இல்லை. டாங்கி கறுப்பு பிளாஸ்டிக்தான். ஈயம் வச்சுத் தர்றேன்னவர்கிட்ட அலுமினியத்துல பத்துமான்னு கேட்டேன், கழட்டிப் பாத்தாத்தான் தெரியுமுங்கறார். ஃபேனை ஆட்டினா லேசா ஆட்டம் இருக்குது, பம்ப்புக்கு அடியில பச்சைக் கறை காஞ்சு கெடக்குது. மவுண்டிங் ரப்பர் நல்லா இருக்குது. டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் மாதிரி வந்துச்சு, போடி அண்ணன் சொல்லாட்டி அதை நான் தொட்டே இருக்க மாட்டேன்.

ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், கூடு நாலும் மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்ப மெக்கானிக் ரெண்டு விசயம் சொல்றார். கூடு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருமாம், அது இல்லாமயே ஓட்டலாம், காத்து இன்னும் நல்லா வரும்கறார். சூடானாத்தான் கூலண்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு இருக்குது பாருங்க, தெர்மோஸ்டாட், மலை வண்டிக்கு அது எதுக்கு, கழட்டிப் போட்டுர்றேன்னும் சொல்றார். செய்யலாங்களா? அப்பறம், தோட்டத்து போர் தண்ணியே ஊத்திக்கலாமா?

நாமக்கல் ரேடியேட்டர் பட்டறை சொன்னது:

கூடு இல்லாம மலை ஏறாதே. கூடு இருந்தாத்தான் ஃபேன் காத்தை ரேடியேட்டர் முழுசுக்கும் இழுக்கும். இல்லைன்னா ரெக்கை சுத்தற வட்டத்துல மட்டும் கொஞ்சம் காத்து வரும், அதுலயும் பாதி எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காத்து, பக்கவாட்டுல புகுந்து அதையே திரும்பத் திரும்பச் சுத்திவிடும். தட்டுரோட்டுல தெரியாது. ரெண்டாங் கியர்ல ஊர்ந்து மலை ஏறறப்ப வண்டி வேகத்துல வர்ற காத்து கெடையாது, எல்லாம் ஃபேன் இழுத்தாத்தான். ரெண்டு நாள் வாடகை போனாப் போகுது, இரு.

தெர்மோஸ்டாட்டைக் கழட்ட விடாதே. அது இல்லாட்டி எஞ்சின் சூடாகவே நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும், குளுருல, பிஸ்டன் ஓடற லைனர் தேயும். சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடறது. அதைக் கழட்டிட்டா பாதி கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும், ஹீட் கொறையறதுக்குப் பதிலா ஏறும். பழசு மேல சந்தேகமா, ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வச்சு உள்ள போடு. கொதி வர்றதுக்கு முன்னாடியே வாய் தெறக்கணும், ஆறினா மூடிக்கணும். தெறக்கலைன்னா புதுசு வாங்கு, அதொண்ணும் பெரிய காசு இல்லை.

போர் தண்ணி வேண்டாம் கண்ணு. நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில அலுமினியம் அரிக்கும், ட்யூப்புக்குள்ள சுண்ணாம்பு படியும். கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்தற தண்ணி பாதி, தனியாக் கலந்து வச்சுக்கிட்டு ஊத்து. மூடியைத் தெறந்து வச்சு ஐடில்ல ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி குமிழி அடங்கற வரைக்கும் மெதுவா ஊத்து. குமிழி அடங்காம வந்துக்கிட்டே இருந்தா நிறுத்திட்டு எனக்கு எழுது. ஆயில் சுத்தமா இருந்தாலும் கேஸ்கட் வழியா புகை கூலண்டுக்குள்ள போறது உண்டு.

புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியைப் போடாதே. பழைய மூடி மேல இருக்கற பிரஷர் நம்பரைப் பாத்து அதே அளவுல வாங்கு. கடையில 1.1 போட்டா ஹீட் ஆகாதும்பாங்க, வண்டிக்கு 0.9 தான்னா 0.9 தான். மாட்டினதும் முதல் தடவை காலி வண்டியில கடம்பூர் வரைக்கும் ஏத்திப் பாத்துட்டு வா. மேல நின்னு, ஆறவிட்டு, கூலண்ட் டப்பாவுல மட்டம் எறங்கியிருக்குதான்னு பாரு. எறங்கலைன்னா மறுநாள் மூட்டை ஏத்து.